குறைந்தபட்சம்

எல் ஆல்டோ, நாலாயிரம் மீட்டருக்கு மேலே.
இங்கே காற்றுக்கே மூச்சு வாங்கும்.

எவாரிஸ்டோ சூக்கிமியா
வாரத்தில் ஆறு நாள் மினிபஸ் ஓட்டுகிறான்.
பசனாக்குச் சீட்டு எடுத்த பணத்தில்
பழைய சுபாருவுக்கு டர்போ மாட்டியவன்.
பட்டறைக்கு வந்தால் உட்காரமாட்டான்.
“இன்னும் கொஞ்சம் ஏத்து, செனோபியா.”
அவனுக்குத் தெரிந்த வினைச்சொல் அது ஒன்றுதான்.

டப்பாவை மேசையில் கவிழ்த்தேன்.
ஐந்து ஸ்பிரிங், ஐந்து நிறம்.
அவன் கை நேரே நீலத்துக்குப் போனது.
ஒன்றேகால் பார்.

உனக்கு எவ்வளவு வேண்டும் என்று
ஸ்பிரிங் கேட்பதில்லை.
எவ்வளவு குறைவுக்குச் சம்மதம், அதைத்தான் கேட்கிறது.
கன்ட்ரோலரைத் திருகி
மேலே எவ்வளவும் போகலாம்.
ஸ்பிரிங்குக்குக் கீழே
ஒரு மயிரிழைகூட இறங்க முடியாது.

பந்தயமோ இறங்குவது.
லா கும்ப்ரே கணவாயில் பனி,
யோலோசாவில் வாழைமரம்.
நடுவே ஒரே மூச்சில் மூவாயிரம் மீட்டருக்கு மேல்.
ஒவ்வொரு வளைவிலும் வெளிக்காற்று கனக்கும்.
பூஸ்ட் மீட்டரில் முள் அசையாமல் நிற்கும்,
அதே ஒன்றேகால்.
முள் பொய் சொல்லாது.
எங்கிருந்து எண்ணத் தொடங்கியது என்பதை மட்டும்
சொல்லாது.

அலமாரியில் ஒரு பிஸ்டன் இருக்கிறது.
மேலே கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
ரசீதுகளைச் சுருட்டி அதில்தான் செருகி வைக்கிறேன்.
போன வருடம் அவன் இன்ஜினிலிருந்து எடுத்தது.

நீலத்தைப் போட்டது நான்.
முப்பத்தெட்டு மில்லி கேட்,
அதுவும் மேனிஃபோல்டில் செங்குத்தாக ஒட்டவைத்த குழாயில்;
புகை வளைய மனமில்லாமல்
நேரே டர்பைனுக்கே போனது.
கதவு முழுக்கத் திறந்திருந்தும்
அழுத்தம் தானாக ஊர்ந்து ஊர்ந்து ஏறியது.
மட்டமான பெட்ரோல். கீழே கனத்த காற்று.
உலோகத்துக்குள் யாரோ
சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டதாம்.
எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டானாம்.

ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.
பதினாலு மாதம் மினிபஸ் ஓட்டி
வேறு இன்ஜின் வாங்கி வந்தான்,
என்னிடமே.

இந்த முறை நாற்பத்துநாலு.
குழாயைச் சரிவாக வெட்டினேன்,
ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற மாதிரி.
மூன்று முறை வெல்ட் வைத்து மூன்று முறை அறுத்தேன்.
பிறகு சிவப்பு ஸ்பிரிங். முக்கால் பார்.
அவன் முகம் போன போக்கைப் பார்க்கவில்லை,
போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கணவாயில் புறப்படும் முன்
நாலு டயருக்கும் சாராயம் தெளித்தான்.
மிச்சத்தை மண்ணுக்கு ஊற்றினான், பச்சமாமாவுக்கு.
நான் கீழே,
மூடுபனிக்குள் ஒரு வளைவில்
ரேடியோவைப் பிடித்தபடி நின்றேன்.
கண்ணுக்கு எதுவும் இல்லை.
சத்தம்தான்.

முதலில் இன்ஜின், எங்கோ மேலே.
அப்புறம் அந்தக் கிழிசல் அலறல்:
என் கதவு திறக்கிறது.
மூடுகிறது.
திறக்கிறது.
அவன் பெருமைப்படும் சத்தம் வேறு,
எனக்கு வேண்டியது இது:
வேண்டாததைத் துப்பும் சத்தம்.
ஒரு வளைவில் கேட்கவில்லை.
அடுத்ததிலும் கேட்கவில்லை.
பிஸ்டனும் ரசீதுகளும் நினைவுக்கு வந்தன.
பிறகுதான் தெரிந்தது,
முன்னால் ஒரு லாரி; காலை எடுத்திருக்கிறான்.
மறுபடி அலறியது.
நானும் மூச்சு விட்டேன்.

பதினொன்றாவதாக வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே
பானெட்டைத் திறந்து,
சூடான குழாயின் பக்கத்தில்
கையை வைத்துக்கொண்டு நின்றான்
கொஞ்ச நேரம்.

“அந்த நீலம் எங்கே?”

என் ஜாக்கெட் பையில் இருந்தது.
காலையிலிருந்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.

தொலைந்துபோச்சு என்றேன்.